ஈர மணலில் வைத்த பல்லி முட்டைகள்

1

போன செவ்வாய்க்கிழமை மஸ்கட்டில் ஒரு வீட்டுக்கு ஏசி கழுவப் போயிருந்தேன். சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றினால், ஒயர் போகிற மூலையில் இரண்டு பல்லி முட்டைகள். கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். வெள்ளையாக, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

கீழே நின்ற வீட்டுக்கார அம்மா என்ன என்று கேட்டார். நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருடம் முடிகிறது. கம்ப்ரசர் போச்சு, கேஸ் இல்லை, நாளைக்கு வருகிறேன், இது என் தப்பு இல்லை, எல்லாவற்றையும் அரபியில் சொல்லுவேன். முட்டைக்கும் வார்த்தை தெரியும், தினமும் கடையில் கேட்டு வாங்குகிறவன்தானே. அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. "பேபி, பேபி" என்று விரலால் காட்டினேன். அவர் ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, எடுத்து வெளியே போடு என்று கையை வீசிவிட்டு இறங்கிப் போனார்.

நான் போடவில்லை. அந்த மூலையில் தண்ணீர் படாமல் மற்ற இடத்தை மட்டும் கழுவி, துடைத்து, மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பினேன். வண்டியில் உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிரைவர் திருச்சூர்க்காரர், நல்ல மனுஷன். எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஒரு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தார். நாற்பத்து நான்கு வயதுக்காரன் பல்லி முட்டைக்கு அழுகிறான் என்று மலையாளத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். தமிழிலும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. பதினைந்து வருடம் ஆனதற்கு ஊருக்கு ஏதாவது எழுதத்தானே வேண்டும், இதையே எழுதுகிறேன்.

2

நான் கோவளத்துக்காரன். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். எங்கள் நைனா கடலுக்குப் போனார், நான் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் ஏசி மெக்கானிக் படித்தேன். இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்தேன். அந்த இரண்டு வருடம் இன்னும் முடியவில்லை.

மனைவி ரேவதி அதே குப்பம்தான், எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. ஒரே மகள் தாரணி. அவள் பிறந்தபோது நான் இங்கே ஒரு ஷாப்பிங் மாலின் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் அவளைத் தூக்கினேன், தூக்கியதும் அழுதாள். அவள் பள்ளிக்கூடத்துக்காக ஐந்து வருடம் முன்னால் கேளம்பாக்கத்தில் மூன்றாவது மாடிக்குக் குடி மாறினோம். மாறினோம் என்று எழுதுவது பழக்கதோஷம். மாறியது அவர்கள் இரண்டு பேர்.

எனக்கு வருடத்துக்கு முப்பது நாள் லீவு. மற்றபடி வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீடியோ கால். என்ன சாப்பிட்டாய், பரீட்சை எப்போது, அம்மா பேச்சைக் கேட்கிறாயா. மூன்று கேள்வியோடு என் சரக்கு தீர்ந்துவிடும். அவளும் மூன்று பதில் சொல்லுவாள். பிறகு ஃபோனைத் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள், அது சரிந்து மல்லாந்துவிடும். பல வெள்ளிக்கிழமைகள் நான் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பாள். வேலை இடத்துப் பழக்கத்தில் பரவாயில்லை என்பதற்கு அரபியில் "மாஃபி முஷ்கிலா" என்பேன், சரி என்பதற்கு இந்தியில் "அச்சா, அச்சா" என்பேன். "அப்பா, தமிழ்ல பேசுப்பா" என்று கிண்டல் செய்வாள். பத்து வயதுக்கு மேல் அந்தக் கிண்டலும் நின்றுபோனது. பள்ளிக்கூட டைரியில் தகப்பனார் கையெழுத்து என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ரேவதி மாதாமாதம் 'அப்ராட்' என்று எழுதி அனுப்புவாள். லீவில் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பக்கம் பக்கமாக அதுவே என் கையெழுத்தாக இருந்தது.

3

போன வருடம் மாசி மாதம். வெயில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க கேளம்பாக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தேன். ஊரான் வீட்டு ஏசியெல்லாம் நான் கழுவுகிறேன், என் வீட்டு ஏசியை ஊரான் கழுவுகிறான். சரி, வேடிக்கையாவது பார்ப்போம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலமாக வரச்சொல்லி, வீடியோவில் உட்கார்ந்து அந்த மனுஷனை அதட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டெபிலைசரைச் சுவரிலிருந்து கழற்றினார். அதன் பின்னால் இரண்டு பல்லி முட்டைகள் இருந்தன. கீழே விழுந்துவிடப் போகிறதே என்று எடுத்து, பக்கத்தில் நின்ற தாரணி உள்ளங்கையில் வைத்தார்.

"கீழ போடுடி, அத்தப் போயி கையில வெச்சிகினு நிக்கிற" என்று ரேவதி அதட்டியது கேட்டது. தாரணி போடவில்லை. இன்னொரு கையால் ஃபோனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். படம் ஆடி ஆடி நின்றது. அவள் முகம் முழுதாகத் தெரிந்தது.

"அப்பா, இத இன்னா பண்ணணும்? உனக்குத் தெரியுமாப்பா?"

என் மகள் என்னிடம் வழி கேட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை எழுதும் வேலையே இருந்திருக்காது. ஆனால் எந்தத் தகப்பன் அந்த இடத்தில் தெரியாது என்பான்? அதுவும் முட்டை விஷயத்தில், கோவளத்துக்காரன்?

எங்கள் கரையில் தை, மாசியில் பங்குனி ஆமை ஏறி முட்டை இடும். சின்ன வயதில் நான், ஆமை முட்டையைக் காப்பாற்ற மெட்ராஸிலிருந்து வருகிற காலேஜ் பிள்ளைகளோடு விடிகிற நேரத்தில் முட்டுக்காடு முகத்துவாரம் வரைக்கும் நடந்திருக்கிறேன். ஆமை வந்து போன தடம் பார்த்து, குச்சியால் குத்தி இடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பையில் எடுத்து வந்து நாய் தோண்டாமல் வேலி கட்டிய இடத்தில் புதைப்போம். ஒரு முழம் ஆழம், ஈர மணல், எடுத்த வாக்கிலேயே வைக்க வேண்டும், புரட்டக்கூடாது, நாற்பத்தைந்து நாள். வாழ்க்கையில் நான் பாடமாகக் கற்றுக்கொண்டு மறக்காமல் இருப்பது ஏசிக்கு அடுத்தபடி இது ஒன்றுதான். ஆமையும் முட்டை இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறது, பல்லியும் அப்படித்தானே. அதற்கு ஒரு சட்டம், இதற்கு ஒரு சட்டமா?

அவள் நோட்டு எடுத்து வந்தாள், நான் சொல்லச் சொல்ல எழுதினாள். மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வை. ஐஸ்கிரீம் டப்பா ஒன்று எடு. நாளைக்குக் கோவளம் போய் அலை தொட்டுவிட்டுப் போன இடத்து மணலைத் தோண்டி எடுத்து வா. ஒரு விரல் ஆழத்தில் வை. காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் தெளி, மணல் காயவே கூடாது.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரேவதி குறுக்கே வந்தாள்.

"மாமா, பல்லி செவுத்துலதான வெக்கும்? மண்ல எங்க வெக்குது?"

உனக்கு என்ன தெரியும், நீ போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். மகள் முன்னால், அந்த மெக்கானிக் முன்னால். அவள் உள்ளே போனாள். மறுநாள் சனிக்கிழமை அவள்தான் தாரணியோடு ஷேர் ஆட்டோ ஏறி, கோவளத்தில் இறங்கி, டப்பா நிறைய ஈர மணல் கொண்டுவந்தாள்.

4

அதற்குப் பிறகு வந்த நாட்களை என் நல்ல காலம் என்று சொல்லலாம். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாரணியே கூப்பிடுவாள். டப்பாவைக் கேமரா முன்னால் வைப்பாள். நான் ஏதோ ஒரு மாடியில் ஸ்பேனரோடு நின்றுகொண்டு மணலைப் பார்ப்பேன். நல்லா ஈரமா இருக்குதா, விரல் வைத்துப் பார், சபாஷ் என்பேன். அவள் சிரிப்பாள். மணலைப் பார்த்துக்கொண்டே வேறு வேறு பேச்சும் வரும். உயிர்த்தோழி ஒருத்தி திடீரென்று பேசாமல் இருப்பது, கணக்கு டீச்சர் இவள் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவது, இவளுக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை. குப்பத்துப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் ரூமில் நான்கு பேர். நான்கு பேருக்கும் பல்லி முட்டைக்கு இது எத்தனையாவது நாள் என்று தெரியும். பொரிக்கும்போது அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. லீவை முன்கூட்டிக் கேட்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு படிவம். முன்கூட்டி லீவு வேண்டுமானால் சாவு, கல்யாணம், நோய், மூன்றில் ஒன்றுக்கு நேராக டிக் போட வேண்டும். என் விஷயம் மூன்றிலும் சேரவில்லை. கீழே 'மற்றவை' என்று ஒரு கோடு இருந்தது, அதில் குடும்ப விசேஷம் என்று எழுதினேன். மேஜைக்காரர் பத்திரிகை கொண்டுவா என்றார். பல்லிக்கு யார் பத்திரிகை அடிப்பார்கள்? சித்திரை வெயிலில் ஏசி ஆட்களுக்கு லீவே கிடையாது, ஐப்பசியில் வா என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாற்பத்தாறாம் நாள் தாரணி கூப்பிட்டாள்.

"பொரிஞ்சிடுச்சுப்பா. ரெண்டும். டப்பாவத் தொறந்ததும் ஓடிடுச்சு."

படம் எடுத்தாயா என்று கேட்டேன். எடுப்பதற்குள் ஓடிவிட்டது என்றாள். கருப்பாக, நகம் நீளம்தான் இருந்தது என்றாள். நான் அன்றைக்கு ஒரு கிலோ லட்டு வாங்கி ரூமில் எல்லோருக்கும் கொடுத்தேன். தாத்தா ஆகிவிட்டாய் என்று கட்டிப்பிடித்தார்கள். தாரணியிடம், பார்த்தாயா, அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்றேன். ஆமாம்பா என்றாள். அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச்சு, மறுபடியும் ஃபேன்.

5

ஐப்பசியில் ஊருக்குப் போனேன். போன முதல் நாளே, என் பேரப்பிள்ளைகள் எங்கே என்று தாரணியிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் விழித்துவிட்டு, ஹாலில் டியூப்லைட் ஓரம் ஒட்டியிருந்த ஒரு பல்லியைக் காட்டினாள். அதில் ஒன்று இதுதான் என்றாள். நான் அண்ணாந்து அதனிடம் சௌக்கியமா என்று கேட்டேன். தாரணி என்னைப் பார்க்காமல் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

கோவளம் போனால் அங்கே பார்க்கிறவனுக்கெல்லாம் இந்தக் கதை. கடல் கடந்து இருந்துகொண்டே முட்டை பொரிக்க வைத்தவன் என்று என்னை நானே புகழ்ந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேவதியின் தம்பி சாப்பிட வந்தான். அவனுக்கும் சொன்னேன். அவன் போன பிறகு ரேவதி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"போதும் வுடு மாமா. அது பொரிக்கல."

நான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்தேழோ இருபத்தெட்டோ நாள் ஆகியிருந்தபோது டப்பாவில் எறும்பு ஏறியிருக்கிறது. தாரணி தோண்டிப் பார்த்திருக்கிறாள். ஓடு கருத்து, பூஞ்சை பிடித்து, விரல் பட்டதும் உடைந்துபோயிருக்கிறது. ஒன்றின் உள்ளே கண்ணும் காலுமாகக் குஞ்சு உருவாகி இருந்ததாம். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் மிஸ்ஸிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ஆமை முட்டை தோல் மாதிரி இருக்கும், அதற்கு ஈரம் வேண்டும். பல்லி முட்டைக்குக் கெட்டி ஓடு, அது காய்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அலமாரி மேல் வைத்திருந்தாலே போதும், தானாகப் பொரித்திருக்கும் என்று அந்த மிஸ் சொன்னாராம்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுகிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். என்னைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ரேவதி அன்றைக்கே சொன்னாளே, பல்லி சுவரில்தானே வைக்கும் என்று. அவள் வாயை அடைத்தேனே.

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. அதற்குப் பிறகும் தினமும் டப்பாவைக் காட்டினாளே என்று கேட்டேன்.

"வெறும் மண்ணுதான் மாமா. நீ கேப்பேன்னு டெய்லி தண்ணி தெளிச்சி வெப்பா."

பதினெட்டு நாள். ஒன்றுமில்லாத மணலைப் பார்த்து நான் சபாஷ் சபாஷ் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தப் பதினெட்டு நாளில்தான் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை என்றெல்லாம் பேசினாளா, அதற்கு முன்னாலா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ரேவதியிடம் மட்டும் அவள் கத்தியிருக்கிறாள். தப்பு என்று தெரிந்தும் ஏன் நீ தடுக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் தானாக வந்து மடியில் படுத்துக்கொண்டாளாம். பல்லியைக் கொன்றது பாவம் என்று அரற்றிக்கொண்டே இருந்ததால் ரேவதி அவளைக் காஞ்சிபுரம் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியைத் தொட்டால் பல்லி தோஷம் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏணியில் ஏறித் தொட்டுவிட்டு இறங்கியவள், மறுபடியும் வரிசையில் போய் நின்று இன்னொரு தடவை தொட்டாளாம். எதற்கு என்று கேட்டால், இது அப்பாவுக்கு என்றாளாம்.

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது.

6

அதற்குப் பிறகு லீவில் பன்னிரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குப் பேசிவிட வேண்டும் என்று இருப்பேன். அவள் பள்ளிக்கூடம் போவாள், வருவாள், என்னிடம் அத்தனை மரியாதையாக நடந்துகொள்வாள். தண்ணீர் கேட்டால் உடனே கொண்டுவந்து கொடுப்பாள். டிவி ரிமோட்டை நான் கேட்காமலே நீட்டுவாள். அம்மாவோடு மட்டும் காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று இரண்டு சண்டை. சீப்புக்குச் சண்டை, சாம்பாருக்குச் சண்டை. அதைக் கேட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே அவள் நோட்டின் மேல் காபியைக் கொட்டிப் பார்த்தேன். பரவாயில்லைப்பா என்று துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி நாள் சாயங்காலம் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கோவளம் கரைக்குப் போனேன். படகுகளை மேலே ஏற்றிப் போட்டிருந்தார்கள். ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து, வாங்கி வந்த பஜ்ஜியைத் தின்றோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. முட்டை விஷயம்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். காகிதத்தில் இருந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பு முழுக்க என்னுடையது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன், உன்னை அழ வைத்தேன் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எம்மேல கோவம் வரலயா உனக்கு?"

"வந்துச்சு. ரொம்ப வந்துச்சு."

"அப்ப திட்டியிருக்கலாமே. அம்மாவத் திட்டுன மாதிரி."

அவள் நிமிர்ந்து, இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்லுகிற மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள்.

"அம்மா வூட்லயே இருப்பாங்கப்பா. உன்கிட்ட சண்ட போட்டா, நாங்க சமாதானம் ஆவறதுக்குள்ள உனக்கு லீவு முடிஞ்சிடும்."

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு எனக்கு விமானம்.